டோனி ரைஸ்: குரல் நின்றுபோன பின்னும் ரசிகர்கள் கேட்டுக்கொண்டே இருப்பது ஏன்?

புளூகிராஸ் கேட்டிருக்கிறீர்களா? 1940களில் பில் மன்றோவின் குழுவால் உருப்பெற்ற அமெரிக்க இசை அது. பேஞ்சோ, மாண்டலின், ஃபிடில்தான் அதில் ஹீரோக்கள். கிட்டார் பெரும்பாலும் பின்னாடி நின்று தாளம் கொடுக்கும், அவ்ளோதான். அந்த கிட்டாரை முன்வரிசைக்குக் கொண்டுவந்த சிலரில் முக்கியமானவர், வர்ஜீனியாவில் பிறந்த டோனி ரைஸ்.

சரி, எங்கிருந்து தொடங்கலாம்?

முதலில், 1975இல் ஜே.டி. க்ரோவின் ‘நியூ சவுத்’ குழுவோடு அவர் பாடிய ஆல்பம். அடுத்து 1979இல் வந்த ‘மன்சனீட்டா’. புளூகிராஸ் ஆல்பம்தான், ஆனால் அதில் பேஞ்சோவே கிடையாது! பிறகு 1983இன் ‘சர்ச் ஸ்ட்ரீட் ப்ளூஸ்’. பெரும்பாலும் கிட்டாரும் குரலும் மட்டும்தான். ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் இடைவெளியில் விரல்கள் என்ன செய்கின்றன என்று கவனியுங்கள்.

ரசிகர்களுக்கு இவை ஏன் இவ்வளவு முக்கியம்?

1994 வாக்கில் குரல் பாதிக்கப்பட்டு, அவரால் பாட முடியாமல் போனது. அதன்பின் பல ஆண்டுகள் கிட்டார் மட்டுமே பேசியது. கடைசியில் கை வலி அதையும் நிறுத்தியது. 2020 டிசம்பர் 25 அன்று, 69 வயதில் காலமானார்.

அந்தக் குரல் இன்று இருப்பது பதிவுகளில்தான். அதனால்தான் ரசிகர்கள் அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.