வேளச்சேரி வெள்ளமும் தில்லிக் கோப்புகளும்

புது தில்லி: 2024 அக்டோபர் மாத நடுவில் சென்னைக்குக் கனமழை எச்சரிக்கை விடுக்கப்பட்டதும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக நிறுத்தப்பட்டன. அபராதம் விதிக்கப்படும் என்ற பேச்சு எழுந்தது. போலீஸார் அதை மறுத்தனர். வேடிக்கையாகப் பேசப்பட்ட அக்காட்சிக்குப் பின்னால் 2015, 2023 ஆகிய ஆண்டுகளின் அனுபவம் இருந்தது.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டதே அன்று முதல் பெரும் விவாதமாக இருந்து வருகிறது. அந்நீர் சென்றது அடையாற்றில். வேளச்சேரியின் கதை வேறு. ஒரு காலத்தில் சுமார் 265 ஏக்கர் பரந்திருந்த வேளச்சேரி ஏரி, இன்று ஏறத்தாழ 55 ஏக்கராகச் சுருங்கிவிட்டது. தனியார் மட்டுமல்ல, அரசின் வீட்டு வசதித் திட்டங்களும் அதன் பரப்பில்தான் எழுந்தன. ஏரியின் உபரி நீரும் வீராங்கல் ஓடை நீரும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை அடைந்து, ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கோவளம் முகத்துவாரத்தில் கடல் சேர வேண்டும். சதுப்பு நிலம் நிரம்பிவிட்டால் நீருக்குப் போக்கிடமில்லை. அது தெருவிலேயே தங்கும்.

அப்போது குளிர்காலக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்ததால் இப்பேரிடர் நாடாளுமன்றத்திலும் எதிரொலித்தது. உள்துறைக்கான நிலைக்குழு 2016 ஆகஸ்டில் சமர்ப்பித்த 198-ஆவது அறிக்கை, ஏரிகள், ஆற்றுப்படுகைகளின் ஆக்கிரமிப்பு வெள்ளத்துக்கு முக்கியக் காரணம் என்று சுட்டிக்காட்டியது. 2018-இல் தமிழக சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை, அதை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே குறிப்பிட்டது. நிலைக்குழு அறிக்கைகள் அவைக்கு வரும் நாளில் ஒரு பத்திச் செய்தியாகி, பிறகு நூலகத்துக்குச் செல்வதே வழக்கம். இதுவும் விதிவிலக்கல்ல.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி மீண்டும் மூழ்கியது. ஐந்து பர்லாங் சாலையில் கட்டுமானப் பள்ளம் சரிந்து இரு தொழிலாளர்கள் உயிரிழந்தனர். இடைக்கால நிவாரணமாக ரூ.5,060 கோடி வேண்டும் என்று மாநில அரசு கோரியது. நிவாரணத் தொகை குறித்த தில்லி-சென்னை வாக்குவாதம் அனைவரும் அறிந்ததே.

அந்தச் சந்தடியில் அதிகம் கவனிக்கப்படாத செய்தி ஒன்று உண்டு. 15-ஆவது நிதி ஆணையம், பேரிடர் நிதியில் 80 சதவீதத்தை மீட்புக்கும் நிவாரணத்துக்கும், 20 சதவீதத்தை அபாயத்தைக் குறைக்கும் பணிகளுக்கும் ஒதுக்குமாறு பரிந்துரைத்திருந்தது. அதன்படி, சென்னை வடிநிலப் பகுதிக்கான ரூ.561.29 கோடித் திட்டத்துக்கு மத்திய அரசு 2023 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. அதில் மத்திய உதவி ரூ.500 கோடி. தேசியப் பேரிடர் தணிப்பு நிதியின் கீழ் நகர்ப்புற வெள்ளத்துக்காக ஏற்கப்பட்ட முதல் திட்டம் இதுதான். நிவாரணத்துக்காகக் குரல் எழுப்பும் நமது எம்.பி.க்கள், இத்தொகை எந்தக் கால்வாயில் எவ்வளவு செலவானது என்பதையும் அவையில் கேட்டுப் பெறலாம்.

சதுப்பு நிலத்தின் 1,247 ஹெக்டேர் பரப்பு 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. கிண்டி குதிரைப் பந்தய மைதான நிலத்தில், வேளச்சேரி நோக்கி வரும் நீரைத் தேக்க 2024-இல் நான்கு குளங்கள் வெட்டப்பட்டன. 2025 செப்டம்பரில், ராம்சர் எல்லையிலிருந்து ஒரு கி.மீ. சுற்றளவில் புதிய கட்டுமான அனுமதி வழங்குவதற்குப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தடை விதித்தது.