அகதிகளுக்கு ஆங்கிலம்: ‘யெஸ் டாக்டர்’ சொன்னால் போதுமா?

வளர்ந்தவர்கள் புது மொழி கற்பதைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். அதில் 1980களில் அமெரிக்கா போன தென்கிழக்காசிய அகதிகளின் கதை முக்கியமானது. ஒரு பாடத்திட்டம் எதைச் சொல்லித் தருகிறது என்பதோடு, எதை விட்டுவிடுகிறது என்றும் பார்க்கணும். அதற்கு இது நல்ல உதாரணம்.

முதலில் பின்னணி. 1975-ல் சைகோன் வீழ்ந்தது. வியட்நாம், லாவோஸ், கம்போடியாவிலிருந்து லட்சக்கணக்கானோர் வெளியேறினார்கள். 1980-ல் அமெரிக்கா அகதிகள் சட்டத்தை நிறைவேற்றியது. பிலிப்பைன்ஸின் பத்தான், தாய்லாந்தின் பனத் நிக்கோம், இந்தோனேசியாவின் கலாங் தீவு ஆகிய இடங்களில் முகாம்கள் இருந்தன. விமானம் ஏறும் முன்பே அங்கே ஆங்கிலமும் அமெரிக்க வாழ்க்கை முறையும் சொல்லித் தந்தார்கள்.

படிக்க வந்தவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. ஒரு பக்கம் சைகோனில் பிரெஞ்சு படித்தவர்கள். இன்னொரு பக்கம் லாவோஸ் மலைகளிலிருந்து வந்த ஹ்மாங் விவசாயிகள். ஹ்மாங் மொழிக்கு ரோமன் எழுத்துமுறை உருவானதே 1950களில்தான். பென்சில் பிடித்தே பழக்கமில்லாதவர்கள் பலர். இவர்களுக்கு இலக்கணத்தில் ஆரம்பித்தால் வேலைக்காகாது. வாடகை வீடு பார்க்கணும், பஸ் பிடிக்கணும், அவசரம் என்றால் 911-ஐக் கூப்பிடணும். அதனால் அன்றாடத் திறன்களையே பாடமாக வைத்தார்கள்.

இதன் வேர் 1975-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகம் வெளியிட்ட ‘அடல்ட் பெர்ஃபார்மன்ஸ் லெவல்’ ஆய்வில் இருக்கிறது. அமெரிக்காவில் வாழ ஒருவருக்கு என்ன தெரிந்திருக்கணும் என்பதை வேலை, நுகர்வு, உடல்நலம், சமூக வசதிகள், அரசும் சட்டமும் என்று ஐந்து துறைகளாக அது பிரித்தது. மென்பொருள்காரர்களுக்கு இது உடனே புரியும்: ஒவ்வொரு திறனும் ஒரு டெஸ்ட் கேஸ். ‘பெயரையும் முகவரியையும் படிவத்தில் எழுதுவார்.’ பாஸ் அல்லது ஃபெயில். அளக்க வசதியான முறை, சந்தேகமில்லை.

ஆனால் அந்தப் பெயர் விஷயத்தையே பாருங்கள். படிவம் ‘லாஸ்ட் நேம்’ கேட்கிறது, அதாவது குடும்பப் பெயர். வியட்நாமியர்களுக்குக் குடும்பப் பெயர் முதலில் வரும். ‘லாஸ்ட்’ என்றால் ‘கடைசி’ என்று சரியாகக் கற்ற மாணவர்தான் தப்பாக எழுதுவார்! (பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதிய நமக்கு இந்தத் தலைவலி தெரியும்.) ஆக, தேவைப்படுவது சொல்லின் பொருள் மட்டும் இல்லை, ‘இங்கே எந்தப் பெயரை எழுதணும்?’ என்று கேட்கும் தைரியமும்தான்.

மருத்துவமனையில் இது இன்னும் தீவிரம். வியட்நாமியத்தில் மரியாதையாகப் பதில் சொல்ல ஒரு சொல் இருக்கிறது. தென்பகுதி உச்சரிப்பில் ‘யா’. நம் ஊர் ‘சரிங்க’ மாதிரி. ‘ஆமாம்’ என்பதற்கும் வரும், ‘சொல்லுங்க, கேட்கிறேன்’ என்பதற்கும் வரும். அந்தப் பழக்கத்தில் ஒருவர் ‘யெஸ் டாக்டர்’ என்கிறார். புரிந்துவிட்டது என்று டாக்டர் நினைக்கிறார். மாத்திரை வேளை மாறிப்போனால் பாதிப்பு யாருக்கு?

இங்கேதான் எல்சா ஆவர்பாக் 1986-ல் ‘டீசால் குவார்ட்டர்லி’ இதழில் எழுதிய விமர்சனம் வருகிறது. இப்படிப்பட்ட பாடங்கள் ஏற்கெனவே இருக்கும் ஏற்பாட்டுக்குள் பணிந்து பொருந்திப்போகப் பழக்குகின்றன, அதைக் கேள்வி கேட்கப் பழக்குவதில்லை என்பது அதன் சாரம். மேற்பார்வையாளரிடம் மன்னிப்புக் கேட்க வாக்கியம் உண்டு, குறை சொல்லவோ மறுக்கவோ வாக்கியம் கிடையாது. ஜேம்ஸ் டோலஃப்சன் 1989-ல் எழுதிய ‘ஏலியன் விண்ட்ஸ்’ புத்தகமும் முகாம்களின் கல்வி அகதிகளைக் கடைநிலை வேலைகளுக்குத் தயார் செய்தது என்று வாதிட்டது.

அதற்காக அன்றாடத் திறன்களே வேண்டாம் என்று சொல்ல முடியாது. பஸ் நம்பர் படிக்கத் தெரியாதவருக்கு உரிமைகளைப் பற்றிப் பாடம் எடுத்து என்ன பயன்? வழி, அதே பாடத்தை இன்னும் ஒரு படி நீட்டுவதுதான். பாவ்லோ ஃப்ரெய்ரேயின் சிந்தனையிலிருந்து நினா வாலர்ஸ்டீன் 1983-லேயே இதைக் காட்டியிருந்தார். ஒரு படமோ உரையாடலோ கொடுத்துக் கேட்கணும்: இதில் என்ன நடக்கிறது? என்ன பிரச்சினை? உங்களுக்கும் நடந்ததா? ஏன்? என்ன செய்யலாம்?

வாடகைப் பாடத்தில் ‘வாடகை எவ்வளவு?’ என்பதோடு நிறுத்தாமல், ‘ஹீட்டர் ஓடவில்லை, எப்போது சரிசெய்வீர்கள்?’ என்பதும் வரட்டும். தேதி போட்டுக் கடிதம் எழுதி, நகல் வைத்துக்கொள்வதும் வரட்டும். மருத்துவப் பாடத்தில் ‘காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு. சரியா?’ என்று திருப்பிச் சொல்லிப் பார்ப்பது வரட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வாக்கியம்: ‘எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.’ அமெரிக்காவில் மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள், 1964 குடிமை உரிமைச் சட்டத்தின் ஆறாம் பகுதியின்படி, ஆங்கிலம் சரியாகத் தெரியாத நோயாளிக்கு மொழி உதவி செய்தாக வேண்டும். இதைக் கேட்கத் தெரியாத வீட்டில், அம்மாவின் நோயை அவரிடமே எடுத்துச் சொல்லும் வேலை பத்து வயதுப் பிள்ளையின் தலையில் விழுகிறது.

வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தருபவர்கள் தங்கள் பாடத்தை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். மாணவர் வாயில் நாம் வைக்கும் வாக்கியங்களில் பதில்கள் எத்தனை, கேள்விகள் எத்தனை? ‘முடியாது’ என்று மரியாதையாகச் சொல்லும் வாக்கியம் ஒன்றாவது இருக்கிறதா? முகாமுக்கு வரும் முன்பே குடும்பத்தைக் காப்பாற்றி, எல்லை தாண்டி, பிழைத்து வந்தவர்கள் அவர்கள். வாழத் தெரியும். அந்தத் திறமையைப் புது ஊரில் பயன்படுத்த ஆங்கிலம்தான் இல்லை.