கட்டைவிரல் 30, சுண்டுவிரல் 7: தெரியுமா?

உங்கள் கைவிரல்கள் ஒவ்வொன்றுக்கும் சட்டம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது, தெரியுமா? விளையாட்டில்லை! 1923-இல் பிறந்த நம் நாட்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையைப் புரட்டினால் கண் விரியும். வேலையில் கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போயிற்று. ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14. நடுவிரல் 12. மோதிர விரலும் சுண்டுவிரலும் ஆளுக்கு 7!

மாதம் 15,000 ரூபாய் வாங்கும் 40 வயதுத் தொழிலாளியின் கை பவர் பிரஸ்ஸில் மாட்டிக்கொண்டது என்று வையுங்கள். சம்பளத்தில் 60 சதவீதம், அதாவது 9,000. நாற்பது வயதுக்கென்று சட்டம் தரும் எண் 184.17. இரண்டையும் பெருக்கி, அதில் 30 சதவீதம் எடுத்தால் கட்டைவிரலுக்கு 4,97,259 ரூபாய். சுண்டுவிரலுக்கு 1,16,027 ரூபாய், பத்துப் பைசா. அந்தப் பத்துப் பைசாவை நான் சேர்க்கவில்லை, கணக்கே அப்படித்தான் வருகிறது!

விரலுக்கு விலை இருந்தால் உயிருக்கு? அதுவும் இருக்கிறது! அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2024-இல் ஓர் உயிருக்கு வைத்த மதிப்பு 1 கோடியே 37 லட்சம் டாலர். எங்கிருந்து வந்தது இந்த எண்? பெரும்பாலும் தொழிலாளர்களின் சம்பளச் சீட்டிலிருந்து! ஆபத்தான வேலைக்கு ஆள் வர வேண்டுமானால் கூலியைக் கூட்டித் தர வேண்டும். பத்தாயிரம் பேரில் ஒருவர் கூடுதலாகச் சாகக்கூடிய வேலைக்குப் பத்தாயிரம் பேரும் ஆளுக்கு 1,370 டாலர் அதிகம் கேட்கிறார்கள் என்றால், எல்லாம் சேர்த்து 1.37 கோடி. அதுதான் அந்த ஓர் உயிரின் மதிப்பாம். கஷ்டமான, அசுத்தமான வேலைக்குக் கூலி கூடுதலாக இருக்கும் என்று 1776-லேயே எழுதி வைத்தவர் ஆடம் ஸ்மித். ஆனால் அவர் சொன்னபடி நடக்க, ஆபத்து இன்னதென்று தொழிலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிடிக்காவிட்டால் வேறு வேலைக்குப் போக வழியும் இருக்க வேண்டும். இரண்டும் வாய்த்தவர்கள் எத்தனை பேர்?

அதே அமெரிக்காவில் ஓர் உயிர் வெறும் 75 டாலருக்குத் தீர்க்கப்பட்டதும் உண்டு, தெரியுமா? நியூயார்க்கில் டிரையாங்கிள் என்ற ஆயத்த ஆடைத் தொழிற்சாலை. 1911 மார்ச் 25-ஆம் தேதி தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் இளம்பெண்கள். துணி திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஒரு கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள்! முதலாளிகள் இருவரும் குற்ற வழக்கில் விடுதலையானார்கள். 1914-இல் வழக்குத் தொடுத்த குடும்பங்களுக்கு உயிருக்கு 75 டாலர் கிடைத்தது. முதலாளிகளுக்கு? காப்பீட்டு நிறுவனம் கொடுத்த தொகை, அவர்கள் நிரூபித்த நஷ்டத்தைவிட ஏறக்குறைய 60,000 டாலர் அதிகம். இறந்தவர் கணக்கில் வகுத்தால் தலைக்கு 400 டாலருக்கு மேல் லாபம்! வயிறு எரிகிறதா? பூட்டைத் திறந்து வைக்க அந்த முதலாளிகளுக்குப் பைசா அளவில் ஒரு காரணம்கூட இல்லாமல் போயிற்று, பாருங்கள்.

இந்தக் கணக்கை அதற்கு முன்பே தலைகீழாக்கிக் காட்டியவர் யார் தெரியுமா? இரும்புச் சான்சலர் பிஸ்மார்க்! 1884-இல் ஜெர்மனியில் அவர் கொண்டுவந்த விபத்துக் காப்பீட்டில் பிரீமியம் முழுவதும் முதலாளிகள் தலையில். ஒரே தொழில் செய்யும் முதலாளிகளைச் சங்கமாகச் சேர்த்துவிட்டார்கள். ஒருவர் ஆலையில் கை போனால் மற்றவர்கள் பையிலும் காசு போகும். விடுவார்களா? தங்களுக்குள்ளேயே பாதுகாப்பு விதிகள் போட்டு, ஆய்வாளரையும் அனுப்பத் தொடங்கினார்கள்! பிஸ்மார்க்குக்குத் தொழிலாளர் மீது பாசம் பொங்கியதா, சோஷலிஸ்டுகளின் வாயை அடைக்க வேண்டியிருந்ததா என்பது தனிக் கதை.

சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்கு வாருங்கள். அந்தக் காலத்துப் பாலக் கட்டுமானத்தில் எழுதாத கணக்கு ஒன்று இருந்தது: பத்து லட்சம் டாலர் வேலைக்கு ஓர் உயிர்! இந்தப் பாலத்தின் செலவு மூன்றரைக் கோடி டாலர். அப்படியானால் 35 பேர் போயிருக்க வேண்டும். தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் ஒத்துக்கொள்ளவில்லை. 1,30,000 டாலர் செலவில் பாலத்துக்கு அடியில் வலை கட்டினார்! மொத்தச் செலவில் அது அரை சதவீதம்கூட இல்லை. வலையில் விழுந்து 19 பேர் பிழைத்தார்கள். பிழைத்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 'நரகத்துக்குப் பாதிவழிச் சங்கம்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்! நான்கு ஆண்டு வேலையில், 1937 பிப்ரவரி 17 வரை ஒரே ஒரு மரணம்தான். அன்று சாரம் ஒன்று பெயர்ந்து வலையையும் கிழித்துக்கொண்டு போனதில் பத்துப் பேர் இறந்தார்கள். ஆக 11. கணக்குச் சொன்ன 35 அல்ல!

பங்குச் சந்தை ஆட்களுக்கு ஒரு கேள்வி. புதிதாக வந்த தலைமை அதிகாரி முதல் கூட்டத்தில் லாபத்தைப் பற்றிப் பேசாமல், தொழிலாளிக்கு அடிபடுவதைப் பற்றிப் பேசினால் என்ன செய்வீர்கள்? 1987 அக்டோபரில் அல்கோவா அலுமினிய நிறுவனத்தில் பால் ஓநீல் இதைத்தான் செய்தார். அரங்கில் அவசர வழி எங்கே இருக்கிறது என்று காட்டினாராம். முதலீட்டாளர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் வெளியே ஓடிப்போய், கையிலுள்ள பங்கை உடனே விற்கும்படி வாடிக்கையாளர்களுக்குப் போன் போட்டார்! பாவம், பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டிருப்பார். 2000-இல் ஓநீல் விலகும்போது ஆண்டு லாபம் ஐந்து மடங்கு. நூறு பேருக்கு 1.86 ஆக இருந்த, வேலைநாள் கெடும் அளவுக்கான காயம் 0.2-க்கு இறங்கியிருந்தது.

எப்படி? யாருக்கு அடிபட்டாலும் 24 மணி நேரத்துக்குள், இனி நடக்காமல் இருக்க என்ன செய்யப்போகிறோம் என்பதோடு சேர்த்து, பிரிவுத் தலைவர் ஓநீலிடம் சொல்லியாக வேண்டும். அதற்குத் தலைவருக்கு மேலாளரும், மேலாளருக்கு மேஸ்திரியும், மேஸ்திரிக்கு உலைப்பக்கம் நிற்பவரும் உடனுக்குடன் சொல்ல வேண்டியதாயிற்று. கீழேயிருந்து மேலே பேச்சு போக ஒரு வழி திறந்தது! அதே வழியில் உற்பத்தி யோசனைகளும் ஏறி வந்தன. அந்த லாபம் முழுக்கப் பாதுகாப்பால் வந்தது என்று நான் சாதிக்கமாட்டேன். பாதுகாப்பு லாபத்தைத் தின்றுவிடும் என்ற பயம் மட்டும் அங்கே பொய்த்தது.

வரி போட்டே ஒரு நோயை ஒழித்த கதை தெரியுமா? வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சி செய்தவர்களுக்குத் தாடை எலும்பே அழுகிப்போகும். தீங்கில்லாத மாற்று 1898-லேயே வந்துவிட்டது. ஆனால் பழையது மலிவு! அமெரிக்கா 1912-இல் சட்டம் போட்டு, நூறு குச்சிக்கு இரண்டு சென்ட் வரி விதித்தது. மலிவு என்ற ஒரே காரணம் செத்தது, குச்சியும் செத்தது. நம் நாட்டில் சுற்றி வளைக்காமல் 1913-இல் நேரடியாகத் தடை.

அமெரிக்காவில் கோடை நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுகிறார்களே, மறுநாள் திங்கட்கிழமை சுரங்கங்களில் என்ன ஆகிறது தெரியுமா? தொழிலாளர்களுக்குச் சராசரியாக 40 நிமிடத் தூக்கம் குறைகிறது. காயங்கள் 5.7 சதவீதம் கூடுகின்றன. காயத்தால் போகும் வேலைநாட்களோ 67.6 சதவீதம்! 2009-இல் வந்த ஆய்வு இது.

ஆய்வாளர் வந்தால் தொழில் படுத்துவிடும் என்ற புலம்பலையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள்! கலிஃபோர்னியாவில் சில நிறுவனங்களைக் குலுக்கல் முறையில்தான் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். ஆய்வு நடந்த இடங்களையும் நடக்காத இடங்களையும் ஒப்பிட்டு 2012-இல் மூன்று பேராசிரியர்கள் கணக்கிட்டார்கள். ஆய்வு நடந்த இடங்களில் காயங்கள் 9.4 சதவீதம் குறைவு, காயங்களுக்கான செலவு 26 சதவீதம் குறைவு. வேலையிழப்போ விற்பனைச் சரிவோ தென்படவில்லை.

அதைவிட மலிவான வைத்தியமும் இருக்கிறது! அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்புத் துறை, பெரிய அபராதம் வாங்கிய நிறுவனத்தின் பெயரைப் போட்டுச் செய்திக்குறிப்பு வெளியிடும். உள்ளூர்ப் பத்திரிகைகள் அதை அச்சடிக்கும். 2020-இல் வந்த ஓர் ஆய்வு, அப்படிப் பெயர் நாறிய நிறுவனத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் அதே தொழில் செய்யும் மற்றவர்களைப் பார்த்தது. விதிமீறல்கள் 73 சதவீதம் விழுந்திருந்தன! ஒரே ஒரு செய்திக்குறிப்பு செய்த வேலையைச் செய்ய, ஆய்வாளர்கள் 210 முறை நேரில் போக வேண்டுமாம்.