ஐந்து நிமிட நாய் வைத்தியம்

விபத்து, நெஞ்சுவலி, அலறல் என்று ஓயாத இடம் அவசர சிகிச்சைப் பிரிவு. நோயாளிக்கு ஆறுதல் சொல்ல ஆளுண்டு, டாக்டருக்கும் நர்ஸுக்கும்?

அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகர மருத்துவமனை ஒன்றில் அவர்களின் மன அழுத்தத்தைக் குறைக்கும் வழியை ஆராய்ந்தார்கள். முடிவு 2020-இல் வெளியானது. பணிநேரத்தின் நடுவே ஊழியர்கள் சிலருக்குப் பயிற்சி பெற்ற நாயுடன் ஐந்து நிமிடம். கூடவே அதன் பராமரிப்பாளர். விரும்பினால் தடவிக் கொடுக்கலாம். வேறு சிலருக்கு வண்ணம் தீட்ட ஒரு மண்டலக் கோலமும் வண்ணப் பென்சில்களும். மீதிப் பேருக்கு வழக்கமான வேலைதான்.

வேலை முடியும் நேரத்தில், நாயோடு இருந்தவர்கள் மன அழுத்தம் குறைந்ததாகச் சொன்னார்கள். வண்ணம் தீட்டியவர்களுக்கோ சற்றுக் கூடியிருந்தது! வேலை குவிந்து கிடக்கும்போது கட்டம் கட்டமாக நிறம் நிரப்பச் சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஆனால் உமிழ்நீரை எடுத்து, அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் ஹார்மோனை அளந்தபோது, வழக்கமான வேலையிலேயே இருந்தவர்களைவிட இரு தரப்பினருக்குமே அது குறைவு.

எல்லா நாயும் இதற்கு ஆகாது. சைரன் ஒலித்தாலும் ஸ்ட்ரெச்சர் உரசிப் போனாலும் மிரளாத, பழக்கிய நாயாக இருக்க வேண்டும். தொட்டவர்கள் கை கழுவிவிட்டுத்தான் அடுத்த நோயாளியிடம் போக வேண்டும்.