உங்களுக்குத் தெரியுமா? கருவிலேயே காய்கறி ருசி!

தாய் சாப்பிட்ட கேரட்டுக்கு, வயிற்றிலிருக்கும் குழந்தை சிரிப்பது போல முகம் காட்டும்!

● இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் 2022-இல் வெளியிட்ட ஆய்வு இது. 32, 36 வார கர்ப்பிணிகளுக்கு 400 மில்லிகிராம் கேரட் பொடி அல்லது ‘கேல்’ கீரைப் பொடி அடைத்த மாத்திரை. சுமார் 20 நிமிடம் கழித்து ஸ்கேன். கேரட்டுக்குச் சிரித்த முகம். கசப்பான ‘கேல்’ கீரைக்கு அழுமூஞ்சி!

● உணவின் வாசனை பனிக்குட நீரிலும் பிறகு தாய்ப்பாலிலும் கலக்கிறது. தாம்பரம் சந்தையில் வாங்கிய முருங்கைக்கீரையைக் கர்ப்பிணி பொரியலாகச் சாப்பிட்டால், பிள்ளைக்கும் அந்த ருசி அறிமுகமாகத் தொடங்கிவிடும்.

● பீர்க்கங்காயை ஒருமுறை துப்பினால் ‘இவனுக்குப் பிடிக்காது’ என்று முடிவு கட்டாதீர்கள், பாவம் பிள்ளை! ஒரே காய் பழக 8 முதல் 15 தடவைகூட ஆகலாம். வற்புறுத்தாமல், ஒரே ஒரு வாய் போதும்.

● 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25-இல் தமிழகத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. தாம்பரம், பல்லாவரம் பிள்ளைகளுக்கும் உப்புமாவோடு காய்கறி சாம்பார் உண்டு. பக்கத்தில் தோழி சாப்பிடுவதைப் பார்த்தே பல பிள்ளைகள் காயைத் தொடுகிறார்கள்.