பிச்சாவரம் அலையாத்திப் பகுதியில் மீன்பிடி முறைகளும் ஒழுங்குமுறை நியாயமும்

ஆய்வுச்சுருக்கம்

ஒரே நீரில் ஒரே மீனை வெவ்வேறு கருவிகளால் பிடிப்போரை வெவ்வேறு விதிகளால் நடத்துவது எப்போது நியாயமாகும் என்பதை இக்கட்டுரை பிச்சாவரம் இருளர்களின் கைமீன்பிடிப்பை முன்வைத்து ஆராய்கிறது. கருவியின் பெயரையன்றி அதன் விளைவையே விதியின் அடிப்படையாகக் கொள்ளவேண்டும் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: பிச்சாவரம், இருளர், கைமீன்பிடிப்பு, தூண்டில், ஈட்டி, வன உரிமை.

முன்னுரை

மீன்பிடி கருவிகளின் வேறுபாட்டைத் தமிழ் மரபு நெடுங்காலமாக அறிந்துள்ளது. பெருமீனை எறிந்து கொல்லும் எறியுளியைக் குறுந்தொகை குறிப்பிடுகிறது. அந்நூலின் புலவருள் ஒருவர் தாம் ஆண்ட உவமையால் மீனெறி தூண்டிலார் என்றே பெயர்பெற்றார். ஆயினும் கருவியே பயன்படுத்தாது வெறுங்கையால் மீன்பிடிப்போரும் உளர். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பிச்சாவரம் உப்பங்கழிகளில் வாழும் இருளர்கள் அத்தகையோர்.

கருவியும் விளைவும்

ஒரு மீன்பிடி முறையை மூன்று அளவுகோல்களால் மதிப்பிடலாம். பிடிபடும் அளவு, தெரிவுத்தன்மை, வாழிடத்திற்கு நேரும் கேடு என்பன அவை. ஈட்டி எறிபவர் மீனைக் கண்டபின்னரே எறிகிறார். எனவே எதைப் பிடிப்பது என்பதை முன்னரே தெரிவுசெய்ய இயலும். ஆனால் தவறாகப் பிடித்ததை உயிருடன் திருப்பிவிட இயலாது. தூண்டிலில் இது தலைகீழாகும். எது இரையைக் கவ்வும் என்பதை முன்னரே அறிய இயலாதெனினும், சிறுமீனைத் திருப்பிவிட வாய்ப்புண்டு. ஆகவே இவ்விரண்டில் ஒன்றை இயல்பிலேயே நல்லது என்றும் மற்றதைத் தீயது என்றும் கூறவியலாது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இதற்குத் தக்க சான்று. அங்கு நீல குரோப்பர் என்னும் மீனை ஈட்டியால் பிடிப்பது நெடுங்காலம் தடைசெய்யப்பட்டிருந்தது. தூண்டிலுக்கோ எண்ணிக்கை வரம்புடன் அனுமதி இருந்தது. ஈட்டியால் ஒரு மீன் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த மக்கள் எதிர்ப்புக்குப் பின், 2024இல் தூண்டிலுக்கும் தடை விரிவாக்கப்பட்டது. காக்கப்பட வேண்டியது மீனினம் எனில் கருவிக்கேற்ப விதி மாறுவது ஏன் என்ற வினாவுக்கு அப்போதுதான் விடை கிடைத்தது.

கையால் பிடித்தலும் சட்டமும்

பிச்சாவரம் இருளர்கள் கழிநீரில் இறங்கி, சேற்றிலும் வேரிடுக்குகளிலும் கையால் தடவி இறால், நண்டு, மீன் ஆகியவற்றைப் பிடிக்கின்றனர். பிடித்தவற்றை ஓலைப்பறியில் இட்டு, அதனைப் பல்லால் கவ்விக்கொள்கின்றனர். மேற்கூறிய மூன்று அளவுகோல்களிலும் இம்முறை குறைந்த தீங்குடையது. ஒருவர் மூச்சும் உடல்வலிவும் தாங்கும் அளவே பிடிபடுகிறது, தொட்டறிந்த சிறிய இறாலை உயிருடன் விடலாம், வேருக்கும் சேதமில்லை.

எனினும் சட்டங்கள் இவர்களைக் காண்பதில்லை. 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம் வெடியையும் நஞ்சையும் தடுத்து, நிலையான பொறிகளையும் வலைகளையும் ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல்மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் மீன்பிடிக் கலங்களையே ஒழுங்குபடுத்துகிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நடைமுறையிலுள்ள தடைக்காலமும் கலத்தை அடிப்படையாகக் கொண்டதே. கலமும் வலையும் இல்லாதவர் இச்சட்டங்களால் கட்டுப்படுவதுமில்லை, காக்கப்படுவதுமில்லை. மாறாக, காப்புக்காடு என்னும் நிலையில் வனச்சட்டமே அவர்களை எதிர்கொள்கிறது. அச்சட்டத்தின் நோக்கில் மீன்பிடித்தல் விதிகளுக்கு உட்பட்ட ஒரு செயல். பிடிப்பவர் யார், எவ்வாறு பிடிக்கிறார் என்பது பொருட்டன்று. 2022இல் பிச்சாவரம் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டபின் இவ்வினா மேலும் முதன்மை பெறுகிறது.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இங்கு ஒரு திருப்பம். நீர்நிலைகளின் மீன் முதலிய விளைபொருள்கள் மீதான சமூக உரிமையை அதன் 3(1)(ஈ) பிரிவு ஏற்கிறது. கருவியை விடுத்து மரபுவழிப் பயன்பாட்டையே அது அடிப்படையாகக் கொள்கிறது.

சமூக விதிகளின் எல்லை

அரசுச் சட்டத்திற்கு மாற்றாகச் சமூக விதிகளைப் பரிந்துரைப்பதும் முழுத் தீர்வாகாது. பழவேற்காட்டு ஏரியின் பாடு முறை, வலையிடும் இடங்களையும் நாள்களையும் உறுப்பினர்களுக்குச் சுழற்சிமுறையில் பகிர்ந்தளிக்கிறது. உறுப்பினர்களுக்குள் அது நியாயமானதே. ஆனால் உறுப்புரிமை சாதியாலும் குடும்பத்தாலும் வரையறுக்கப்படுவதால் வெளியே நிற்பவருக்கு அந்நியாயம் எட்டுவதில்லை. இருளர் போன்ற எண்ணிக்கை குறைந்த குழுவினர் பெரும்பாலும் அவ்வெளியிலேயே நிற்கின்றனர்.

முடிவுரை

எல்லோருக்கும் ஒரே விதி என்பது பார்வைக்குச் சமமாகத் தோன்றினும், விசைப்படகையும் வெறுங்கையையும் ஒன்றாக நிறுத்துவது சமநீதியாகாது. கருவிவாரியான வேறுபாடு, பிடிபடும் அளவு, தெரிவுத்தன்மை, வாழிடக்கேடு ஆகியவற்றால் நிறுவப்படும்போது மட்டுமே நியாயமாகும். அவ்வளவுகோல்களின்படி கைமீன்பிடிப்பு முதலில் அனுமதிக்கப்பட வேண்டியதும் இறுதியில் தடுக்கப்பட வேண்டியதும் ஆகும். பிச்சாவரத்தின் மேலாண்மைத் திட்டங்களில் அது பெயர்சுட்டி இடம்பெறுவதே இதற்கு முதற்படியாகும்.