அக்கரையில் அமெரிக்கா... அரவைக் கூலியில் வளர்ந்த ஹுவாரெஸ்!

நெல் மூட்டையை மில்லில் இறக்கி, அரிசியாக்கி வாங்கி வருகிறோம். நெல்லும் நம்முடையது, அரிசியும் நம்முடையது. மில்காரருக்கு மிஞ்சுவது அரவைக் கூலி. அந்தக் கூலியில் ஒரு குடும்பம் பிழைக்கலாம். ஒரு நகரமே பிழைக்க முடியுமா? பிழைத்துக் காட்டியிருக்கிறது மெக்ஸிகோவின் ஹுவாரெஸ்.

சுமார் 15 லட்சம் பேர் வாழும் ஊர். வடக்கே ரியோ கிராண்டே ஆறு. பாலத்தைத் தாண்டினால் அமெரிக்காவின் எல் பாசோ நகரம். ஹுவாரெஸின் ஏற்றுமதி ஆலைகளை 'மக்கிலதோரா' என்பார்கள். தானியம் அரைத்துத் தருவதற்காக மில்காரர் எடுத்துக்கொள்ளும் பங்குக்கு ஸ்பானிய மொழியில் 'மக்கிலா' என்று பெயர். அதிலிருந்து வந்த சொல் இது.

தொடங்கியது இப்படித்தான்

1942 முதல் மெக்ஸிகோ தொழிலாளர்கள் ஒப்பந்த அடிப்படையில் அமெரிக்கப் பண்ணைகளுக்குப் போய்வந்தார்கள். 1964-ல் அந்தத் திட்டம் நின்றது. எல்லையோர ஊர்களில் வேலையில்லாதவர்கள் குவிந்தார்கள். 'ஆட்கள் அங்கே போக முடியாவிட்டால், ஆலைகள் இங்கே வரட்டும்' என்று 1965-ல் மெக்ஸிகோ அரசு புதிய திட்டம் கொண்டுவந்தது. உதிரி பாகங்களை வரியில்லாமல் கொண்டுவரலாம். பொருளாகப் பொருத்தித் திருப்பி அனுப்பிவிட வேண்டும். 1994-ல் வந்த வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் இந்தக் கதவை இன்னும் அகலமாகத் திறந்தது.

இன்று கார்களுக்கான வயர் தொகுப்புகள், மின்னணுச் சாதனங்கள், மருத்துவக் கருவிகள் எல்லாம் இங்கே தயாராகின்றன. ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் பாக்ஸ்கான் நிறுவனத்துக்கு இங்கும் ஆலை உண்டு.

ஆற்றங்கரையின் லாபக் கணக்கு

முதல் லாபம், கூலி. 2025-ல் எல்லைப் பகுதியின் குறைந்தபட்ச தினக்கூலி 419.88 பெசோ. எல் பாசோவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். அதாவது, இக்கரையின் ஒரு நாள் கூலி, அக்கரையில் ஏறக்குறைய மூன்று மணி நேரக் கூலி.

இரண்டாவது, தூரம். சீனாவிலிருந்து கப்பலில் வரும் சரக்குக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கே காலையில் லாரியில் ஏற்றிய பெட்டி, பாலத்தில் தடங்கல் இல்லையென்றால் அன்றே அமெரிக்கக் கிடங்கில் இறங்கிவிடும். எல் பாசோவில் வீடு, ஹுவாரெஸில் வேலை என்று தினமும் எல்லை தாண்டும் மேலாளர்களும் உண்டு.

மறுபக்கம்

வாங்குபவருக்குத் தும்மல் வந்தால் இந்த ஊருக்குக் காய்ச்சல் வரும். 2008-ன் அமெரிக்கப் பொருளாதாரச் சரிவில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். 2022 ஏப்ரலில் டெக்ஸாஸ் மாநிலம் லாரிகளைக் கூடுதலாகச் சோதிக்கத் தொடங்கியதும், பாலங்களில் சரக்கு மணிக்கணக்கில் தேங்கியது.

விலை பணத்தில் மட்டும் முடியவில்லை. 1990-களில் தொடங்கிய பெண்கள் படுகொலைகளில் பலியானவர்களில் ஆலைத் தொழிலாளர்களும் இருந்தார்கள். பருத்திக்காடு ஒன்றில் சடலங்களாகக் கிடைத்த மூன்று பெண்களின் வழக்கில், மெக்ஸிகோ அரசு கடமை தவறியது என்று 2009-ல் அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போதைக் கும்பல்களின் மோதல் உச்சத்தில் இருந்த 2010-ல் மட்டும் 3,000-க்கும் அதிகமானோர் கொல்லப்பட்டார்கள். அப்போதும் பெரும்பாலான ஆலைகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

இனி?

2018-ல் குறைந்தபட்ச தினக்கூலி 88.36 பெசோதான். 2019-ல் எல்லைப் பகுதியில் அரசு அதை ஒரேயடியாக இரட்டிப்பாக்கியது; பிறகும் ஆண்டுதோறும் ஏறுகிறது. தொழிலாளிக்கு நல்ல செய்தி. ஆனால், 'மலிவான கூலி' என்று இனியும் ஹுவாரெஸ் விளம்பரம் செய்துகொள்ள முடியாது.

அதற்கான விடையும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. டெல்ஃபி நிறுவனம் 1995-லேயே இங்கு தொழில்நுட்ப மையம் திறந்தது. அங்கே மெக்ஸிகோ பொறியாளர்கள் கார் பாகங்களை வடிவமைத்தார்கள். அடுத்தவர் நெல்லை அரைத்துக் கொடுத்த ஊர், சொந்தமாக நாற்றுவிடக் கற்றுக்கொண்ட இடம் அது. அந்த வயல் எவ்வளவு விரிகிறதோ, அந்த அளவுக்குத்தான் ஹுவாரெஸின் அடுத்த தலைமுறைக்குக் கூலிக்கு மேல் ஏதாவது மிஞ்சும்.